பயத்துக்கு ஒரு சுற்று

கண்ணாடி பாட்டில் ஆலையின் இரண்டு உலைகளில் கிழக்கு உலை அவளுடையது. பத்தொன்பது ஆண்டுகளாக அதன் கேஸ் வால்வைத் திருகி வந்ததால், ஆலையில் எல்லோருக்கும் அவள் உலை அக்கா.

அவளுக்கு முன் அங்கே நின்றவர் அவள் கணவர். ஒரு நாள் கேஸ் குறைந்து உலை குளிர்ந்தது. சுவர்ச் செங்கல் விரிசல் விட, உருகிய கண்ணாடி அவர் மேல் பாய்ந்தது. அவர் வேலையை அவளுக்குக் கொடுத்தார்கள். முதல் நாளிலிருந்தே அளவுமானி காட்டுவதற்கு மேல் ஒரு சுற்று கூடுதலாக வால்வைத் திறந்து வைப்பாள். பயத்துக்கு ஒரு சுற்று. மற்ற ஷிப்ட்காரர்களையும் அப்படியே பழக்கிவிட்டாள்.

எங்கோ தொலைவில் இரண்டு நாடுகள் முட்டிக்கொண்டு, கடலில் கேஸ் கப்பல்கள் நின்றன. விலை மூன்று மடங்கானது. கேஸை மிச்சம் பிடிக்க ஆலைக்குச் செயற்கை நுண்ணறிவு வந்து இறங்கியது. திரையில் ஓயாமல் கேள்வி கேட்டது. அதே உலையில் பாட்டில் வார்க்கும் அவள் தம்பி அதற்குப் பெயரும் வைத்துவிட்டான்.

"புது மாப்பிள்ளை இன்னிக்கு என்னக்கா கேக்குறாரு?"

"எல்லாத்துக்கும் காரணம் வேணுமாம். தும்முனாக்கூட."

"சொல்லிடுக்கா. கோவிச்சுக்கிட்டுப் போயிடப் போறாரு."

ஒரு நாள் அது கேட்டது: கிழக்கு உலைக்கு மட்டும் ஏன் நூற்றுக்கு நான்கு பங்கு கேஸ் கூடுதல்? அவள் விரல்கள் அப்படியே நின்றன. கணவர் வெந்து செத்த கதையை ஒரு திரையிடம் சொல்ல மனம் வரவில்லை. 'பழக்கம்' என்று தட்டிவிட்டு டீ குடிக்கப் போனாள்.

மூன்று மாதத்தில் அறிக்கை வந்தது. காரணமில்லாத பழக்கத்தால் எரிபொருள் வீண். கிழக்கு உலையை மூடலாம். நூற்று நாற்பது பேருக்கு வேலை இல்லை. தம்பியும் அதில் ஒருவன்.

மேலாளரிடம் ஓடினாள்.

"சார், அது பழக்கம் இல்ல சார், பயம். நான்தான் தப்பா எழுதிட்டேன். இப்ப மாத்தி எழுதட்டுமா?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "கேஸ் விக்கிற விலைக்கு ரெண்டும் எரியாதும்மா. ஒண்ணை மூடித்தான் ஆகணும். எதைங்கறதுதான்..." ஒரு தாளை அவள் பக்கம் தள்ளி, "மேற்கு உலைக்கு மட்டும் கேஸ் ஒப்பந்தம் போட்டாச்சு" என்றார்.

தம்பி திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"விடுக்கா. மாப்பிள்ளைக்கு நம்ம வீடு பிடிக்கல."

உலையை ஒரேயடியாக அணைக்க முடியாது. ஒன்பது நாள், திரை சொன்ன கணக்கில், அவளேதான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாள். கடைசி நாள் முழுதாக மூடச் சொன்னது. திருகினாள். ஒரு சுற்று பாக்கி இருக்கையில் கை நின்றுவிட்டது.

பின்னால் தம்பி நின்றிருந்தான். "அக்கா, உள்ள கண்ணாடி ஒரு சொட்டு இல்ல. பக்கத்துல ஆளும் இல்ல. யாருக்கும் ஒண்ணும் ஆகாதுக்கா."

"தெரியும்டா" என்றாள். ஆனாலும் அவனைக் கையால் தள்ளி, சுவரை விட்டு எட்ட நிற்க வைத்த பிறகுதான் அந்த ஒரு சுற்றையும் மூடினாள்.