மெமோவும் பதிலும்

எங்கள் கல்லூரி ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில், நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. சுற்றிலும் மரவள்ளிக் காடு. நான் அங்கே வணிகவியல் ஆசிரியை. யாராவது கேட்டால் இப்போதும் அப்படித்தான் சொல்கிறேன். ஆனால் சமீப காலமாக வகுப்பில் நின்ற நேரத்தைவிட, முதல்வர் அறையை ஒட்டிய சின்ன அறையில் கணினி முன்னால் உட்கார்ந்த நேரம்தான் அதிகம்.

தர மதிப்பீட்டுக் குழு வருகிறது, ஒவ்வொரு துறையும் ஆங்கிலத்தில் அறிக்கை தர வேண்டும் என்று சொன்னபோது இது ஆரம்பித்தது. பிளஸ் டூ படிக்கும் என் மகள் தன் செல்போனில் ஏஐயிடம் கேட்டுக் கேட்டு ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். "அதுகிட்டக் குடும்மா, அழகா எழுதிக் குடுக்கும்" என்றாள். என்னிடம் இருந்த விவரங்களைத் தமிழும் ஆங்கிலமும் கலந்து தட்டிக் கொடுத்தேன். காப்பி ஆறுவதற்குள் அறிக்கை வந்துவிட்டது. நானே எழுதியிருந்தால் ஒரு வாரம் ஆகியிருக்கும், இந்த அழகும் இருந்திருக்காது.

முதல்வர் அதைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர், அதிர்ந்து பேசாத மனிதர்.

"ஏனுங்க மேடம், இத்தன நல்லா எழுதுவீங்களா நீங்க?"

"நான் எழுதலீங்க சார். ஏஐ எழுதுச்சு" என்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அட, அதுக்கென்னுங்க. மத்த டிபார்ட்மென்ட்டுதும் போட்டுக் குடுத்துருங்களேன்."

மற்ற துறைகளின் அறிக்கைகளும் முடிந்தன. பிறகு பல்கலைக்கழகத்துக்குப் போகும் கடிதங்கள், சுற்றறிக்கைகள், கருத்தரங்க அழைப்பிதழ், கல்லூரி விழாவில் தாளாளர் பேச வேண்டிய பேச்சு. என் வகுப்புகளில் பாதியை வேறு ஒருவருக்கு மாற்றிவிட்டு, அந்தச் சின்ன அறையில் எனக்கென்று ஒரு மேசை போட்டார்கள். ஆரம்பத்தில் பெருமையாகத்தான் இருந்தது, மறைக்க மாட்டேன். ஏசி இருந்தது. முதல்வர் வீட்டுக்குக் கிளம்பும்போது என்னிடம் சொல்லிவிட்டுப் போவார்.

ஒருநாள் மெமோ எழுதச் சொன்னார்.

வரலாற்றுத் துறை ஆசிரியை ஒருவருக்கு அது. தாமதமாக வருகிறார், போன கோடையில் அட்மிஷன் வேலைக்கு ஊர் ஊராகப் போகவில்லை, பாடத்திட்டக் குறிப்பு எழுதவில்லை, விளக்கம் தர வேண்டும் என்று கடுமையாக இருக்க வேண்டுமாம். பெயரைப் பார்த்ததும் என் கை கீபோர்டிலேயே நின்றுவிட்டது. நான் அக்கா என்று கூப்பிடும் ஒரே ஆள் அந்தக் கல்லூரியில் அவர்தான். சேலத்திலிருந்து வருகிற கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். நான் புதிதாகச் சேர்ந்தபோது தன் டப்பாவைத் திறந்து என் பக்கம் நகர்த்தியவர். மதியச் சாப்பாடு அன்றிலிருந்து சேர்ந்தேதான்.

"அவங்க நல்லாப் பாடம் நடத்தறவங்களாச்சே சார்" என்றேன்.

"எனக்குத் தெரியாதுங்களா? மேல இருந்து சொல்றாங்க. போட்டுருங்க சாமி."

மேலே என்றால் மாடியில் இருக்கும் தாளாளர். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் விட்டுச் சம்பாதித்து, பிறகு கல்லூரி கட்டியவர். மேலிருந்து ஏன் சொல்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அக்கா தன் அசல் சான்றிதழ்களைத் திருப்பிக் கேட்டிருந்தார்.

அதைச் சொல்லியாக வேண்டும். எங்கள் கல்லூரியில் வேலைக்குச் சேரும்போது பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலிலிருந்து கடைசிப் பட்டம் வரை எல்லாவற்றின் அசலையும் ஒப்படைக்க வேண்டும். தாளாளர் அறையில் ஒரு பெரிய இரும்பு பீரோ, அதற்குள் எல்லோருடையதும் இருக்கும். நம் கையில் ஜெராக்ஸ் மட்டும். வேறு இடத்தில் வேலை கிடைத்தாலும் அசல் இல்லாமல் சேர முடியாது. கேட்டால், வருஷக் கடைசியில் பார்க்கலாம் என்பார்கள். என்னுடையவையும் அங்கேதான் இருந்தன. அக்காவுக்கு ஆத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அசலைக் கொண்டுவந்து காட்டினால் ஜூனில் சேரலாம். எனக்கு மட்டும்தான் சொல்லியிருந்தார்.

மெமோவை ஏஐ எழுதியது. "அலட்சியம்", "ஒழுங்கு நடவடிக்கை" என்றெல்லாம் ஆங்கிலத்தில் மிக நேர்த்தியாக இருந்தது. கடைசியில், இன்னும் கடுமையாக வேண்டுமா என்று என்னைக் கேட்டது. வேண்டாம் என்று தட்டினேன். அன்று என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அக்கா அந்தக் காகிதத்தோடு என் அறைக்கே வந்தார்.

"பாத்தியாம்மா, என்ன குடுத்திருக்காங்கன்னு. பதிலும் இங்கிலீஷ்லதான் வேணுமாம். நான் தமிழ் மீடியம், இந்த அளவுக்கு எனக்கு எழுத வராது. உன் மிஷின்ல கேட்டு நீதான் எழுதித் தரணும்."

நான் எழுதிய மெமோவை, முதல் தடவை பார்ப்பதைப்போல மேலிருந்து கீழ் வரை படித்தேன்.

"என்னக்கா இது, இப்படியா எழுதுவாங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

பதில் எழுதத் தட்டினேன். அக்கா பக்கத்து நாற்காலியில், திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் நான் செய்த மடத்தனம் தெரிந்தது. முந்தின நாள் மெமோ எழுதிய அதே உரையாடலிலேயே தட்டிவிட்டேன். நாம் முன்பு தயாரித்த மெமோவுக்கா இந்தப் பதில் என்று அது கேட்டது. சட்டென்று அந்த ஜன்னலை மூடினேன். நெட் போய்விட்டது என்று சொல்லி, புதிதாக ஒன்றைத் திறந்து முதலிலிருந்து தட்டினேன். அக்கா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பதிலும் நேர்த்தியாகவே வந்தது. பேருந்து தாமதமான நாட்கள், மாணவிகளின் தேர்ச்சி, அட்மிஷன் வேலைக்குப் போக முடியாதபடி அந்தச் சமயத்தில் வந்த டைபாய்டு எல்லாம் அதில் இருந்தன. முந்தின நாள் குற்றம் சாட்டியபோது இருந்த அதே பணிவு, அதே உறுதி. அதற்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

அந்தப் பதில் முதல்வர் மேசைக்குப் போய், அங்கிருந்து மாடிக்குப் போய், திரும்ப என் மேசைக்கே வந்தது. "பதில் திருப்தியா இல்லைன்னு இன்னொரு மெமோ போடச் சொல்றாங்க" என்றார் முதல்வர். எழுதினேன். அதற்குப் பதில் வேண்டும் என்று அக்கா வந்தார். எழுதினேன். ஒரு கடிதத்தில் ஓட்டையில்லாமல் எழுதினால் அடுத்த கடிதத்தில் அதை உடைக்க நானேதான் வழி தேட வேண்டியிருந்தது. வேண்டுமென்றே மோசமாக எழுதலாம் என்றும் நினைத்தேன். யாருக்கு மோசமாக எழுதுவது? மெமோ சப்பென்று இருந்தால் முதல்வர் என்னைப் பார்ப்பார். பதில் சப்பென்று இருந்தால் அக்காவுக்கு வேலையும் போய் சான்றிதழும் போகும்.

வீட்டில் என் கணவரிடம் சொன்னேன். லாரிகளுக்கு பாடி கட்டும் பட்டறையில் மேற்பார்வை பார்க்கிறவர். "முடியாதுன்னு சொல்லிப்போடு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "சொன்னா உனக்கும் மெமோ வருமா?" என்று கேட்டார். வரும் என்றேன். "அப்ப அத யாரு எழுதுவாங்க?" அவர் சிரிக்க வைக்கத்தான் கேட்டார். நான் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தேன்.

மே மாதம் பாதி போனதும் அக்கா கடைசியாக ஒரு முறை வந்தார். இந்தத் தடவை மெமோவுக்குப் பதில் கேட்கவில்லை.

"என் சர்டிபிகேட்ட நேரடியாக் கேட்டு எழுதணும். வேற எதுவும் வேண்டாம். குடுக்கலைன்னா யூனிவர்சிட்டிக்கும் போலீசுக்கும் போவேன்னு எழுது."

"அக்கா, அவ்வளவு தூரம் போகணுமா?"

"போகலைன்னா நான் இங்கேயேதான் கெடக்கணும்."

எழுதிக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டு, என் கண் முன்னாலேயே அதை முதல்வர் அறையில் வைத்துவிட்டுத் தேர்வு மேற்பார்வைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் முதல்வர் அதை என்னிடம் கொண்டுவந்தார்.

"இதுக்கு கொஞ்சம் சூடா ஒரு பதில் போடுங்க மேடம். குடுக்க முடியாதுன்னு."

ஏஐயிடம் எதையும் குறைக்காமல் சொன்னேன். ஓர் ஆசிரியையின் அசல் சான்றிதழ்கள் எங்கள் பீரோவில் இருக்கின்றன, திருப்பிக் கேட்கிறார், தர முடியாது என்று எழுத வேண்டும். இந்த முறை அது உடனே கடிதத்தில் இறங்கவில்லை. ஒருவருடைய அசல் சான்றிதழ்களை அவர் விருப்பத்துக்கு மாறாக வைத்திருப்பது முறையல்ல, கல்லூரி மேல் வழக்கு வரலாம், திருப்பித் தந்துவிட்டு ஒப்புகை வாங்கிக்கொள்வதே பாதுகாப்பு என்றது. வேண்டுமானால் அதற்கான கடிதத்தைத் தயார் செய்வதாகவும் சொன்னது.

நான் ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை, எடுக்கவில்லை. அப்படியே அச்செடுத்து முதல்வரிடம் கொடுத்தேன்.

அவர் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடியும் படித்தார்.

"இத நீங்க எழுதச் சொன்னீங்களா, அதுவா எழுதுச்சுங்களா?"

"அதுவாத்தான் எழுதுச்சுங்க சார்."

ஜன்னலுக்கு வெளியே கொல்லிமலை தெளிவாகத் தெரிந்தது. அவர் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: "என்னோடதும் அந்த பீரோவுக்குள்ளதாங்க இருக்குது."

எனக்குப் புரியவில்லை. "எதுங்க சார்?"

"சர்டிபிகேட்டுதான். பிஎச்டி வரைக்கும். சேர்ந்தன்னைக்கு வாங்கி வெச்சாங்க. நடுவால ஈரோட்டுல ஒரு காலேஜ்ல கூப்பிட்டாங்க. கேட்டுப் பாத்தேன். அதுக்கப்பறம் கேக்கறதில்லீங்க."

இத்தனை நாள் மெமோக்களில் கையெழுத்துப் போட்ட மனிதர் அவர். அந்தக் கையெழுத்தைக் கண்டு நாங்கள் எல்லோரும் பயந்திருக்கிறோம். காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினார்.

நான் அறை வாசலிலேயே நின்றேன். மேலே சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. திரும்பி இறங்கும்போது அவர் கையில் ஒரு காக்கி நிற உறை இருந்தது. அதன் மேல் அக்காவின் பெயர்.

"வாங்கியாச்சுங்க. இன்னைக்கே ரிலீவ் பண்ணி அனுப்பச் சொல்லிட்டாரு."

"என்ன சொன்னீங்க சார்?"

"நான் ஒண்ணுமே சொல்லலீங்க. கம்ப்யூட்டரு கேசு வரும்னு சொல்லுதுங்கன்னு காயிதத்த நீட்டுனேன். நான் சொன்னா, உனக்கென்னய்யா தெரியும்பாரு. அது சொன்னா கேட்டுக்கறாரு." கொஞ்சம் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "உங்களோடதும் கேக்கட்டுங்களா? இப்ப இருக்கற சூட்டுல கேட்டா குடுத்தாலும் குடுத்துருவாரு."

"வேண்டாங்க சார்" என்றேன்.

யோசிக்கும் முன்பே வந்துவிட்ட வார்த்தை அது. பிறகு யோசித்தபோதும் அதுவே வந்தது. வாங்கி எங்கே போவது? மகள் அடுத்த வருஷம் கல்லூரிக்குப் போக வேண்டும். இந்த வட்டாரத்தில் நான் போய்ச் சேரக்கூடிய கல்லூரிகளிலும் ஒரு பீரோ இருக்கிறது. அங்கே ஏஐ தெரிந்தவள் என்று தெரிந்தால் இதே போன்ற மேசையைத்தான் போடுவார்கள்.

அக்காவைப் பேருந்து நிறுத்தம் வரை கொண்டுவிடப் போனேன். முட்டை ஏற்றிய வண்டிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. காக்கி உறையை அவர் மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரை வந்தது.

"அக்கா, அந்த மெமோவெல்லாம்..."

"தெரியும்மா."

"என்ன தெரியும்?"

"நீதான எழுதின? இந்தக் காலேஜ்ல தப்பில்லாம அத்தன இங்கிலீஷ் வேற யாரு எழுதப்போறாங்க. மொத மெமோவக் கையில வாங்கினப்பவே தெரியும்."

என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "அப்பறம் ஏன் எங்கிட்டயே வந்தீங்க?"

"வேற யாருகிட்டப் போவேன்? கேள்வி எழுதறவளுக்குத்தான் எந்தப் பதில் செல்லும்னு தெரியும்." என் தோளைத் தட்டினார். "உன்னோடத வாங்கலையா?"

"இல்லக்கா."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. சேலம் பேருந்து வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்ததும் உறையை மடியில் வைத்துக்கொண்டு கையசைத்தார். அவர் சொன்னது மன்னிப்பா, குத்தலா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. ஆத்தூரிலிருந்து அவ்வப்போது பேசுகிறார். பள்ளியில் குழந்தைகள் போடும் சத்தம் பின்னால் கேட்கும். சந்தோஷமாக இருக்கிறார் என்று குரலிலேயே தெரிகிறது.

ஜூனில் அவருடைய இடத்துக்கு வேறொரு பெண் வந்தாள், சேந்தமங்கலத்துக்காரி. பணி நியமனக் கடிதத்தை நான்தான் தயாரித்தேன். அசல் சான்றிதழ்களை ஒப்படைக்க வேண்டும் என்ற வரியை விட்டுவிட்டேன். முதல்வர் படித்துப் பார்த்து, என்னை ஒருமுறை பார்த்து, அந்த வரியைப் பேனாவால் ஓரத்தில் எழுதினார். "மேல பாப்பாங்க" என்றார்.

அந்தப் பெண் பிளாஸ்டிக் உறையில் எல்லாவற்றையும் கொண்டுவந்து என் மேசை மேல் வைத்தாள். அதுவரை எங்கள் கல்லூரியில் யாருக்கும் ரசீது கொடுத்ததில்லை. கேட்ட நேரத்தில் திருப்பித் தரப்படும் என்ற வாசகத்தோடு ஏஐயிடம் ஒரு ரசீது எழுதி வாங்கினேன். அதே மாதிரி எனக்கும் ஒன்று அடித்தேன். இரண்டையும் முதல்வரிடம் நீட்டினேன். அவர் இரண்டிலும் கையெழுத்துப் போட்டார். நான் கதவுப் பக்கம் திரும்பியபோது கூப்பிட்டார்.

"மேடம், என் பேருக்கும் ஒண்ணு அடிச்சுக் குடுங்க."

"கையெழுத்து யாருங்க சார் போடறது?"

கொஞ்ச நேரம் மாடிப்படியைப் பார்த்தார். "அத அப்பறம் பாக்கலாங்க. இப்ப அடிச்சு மட்டும் குடுங்க."

அடித்துக் கொடுத்தேன். கையெழுத்து இல்லாத அந்தக் காகிதத்தை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டு, மறுநாள் அனுப்ப வேண்டிய சுற்றறிக்கை என்ன ஆயிற்று என்று கேட்டார்.