மீட்கப்பட்ட லோனி

லோனியைச் சிவப்பிந்தியர்கள் பிடித்துக்கொண்டு போனபோது அவளுக்குப் பத்து வயது. முழுப்பெயர் அப்போலோனியா. ஸ்வட்டாரா ஓடைப் பக்கம் குடியேறிய ஜெர்மன் குடியானவர்களின் வீடுகள் அன்று காலை வரிசையாக எரிந்தன. அப்பா வைக்கோல் போரடியில் செத்துக் கிடந்தார். அம்மா முன்பே காய்ச்சலில் போய்விட்டவள். அண்ணன் ஃபெல்டன், மீசை அரும்பும் வயதுக்காரன், தங்கையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சோளக்கொல்லை வழியாக ஓடினான். கொல்லைக் கோடியில் வேலி. அவன் தாண்டிவிட்டான். அவள் பாவாடை முளையில் மாட்டிக்கொண்டது.

“அண்ணே, விடாதே! அண்ணே!”

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. அவன் கையை உதறிவிட்டு ஓடினான்.

மலை தாண்டி மேற்கே நடத்திக்கொண்டு போனார்கள். நடக்க முடியாமல் உட்கார்ந்தவர்களின் கதையை உட்கார்ந்த இடத்திலேயே முடித்தார்கள். அழுகையை அடக்க முடியாத கைக்குழந்தை ஒன்றை மரத்தில் அடித்தார்கள். லோனி அதைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் உட்காரவும் இல்லை, அழவும் இல்லை.

மஸ்கிங்கம் ஆற்றங்கரையில், லெனாப்பே என்ற சிவப்பிந்தியக் குலத்தின் ஊரில், பெரியம்மையில் மகளைப் பறிகொடுத்த ஒருத்தி அவளைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஆற்றில் இறக்கித் தோல் சிவக்கச் சிவக்க மணலால் தேய்த்தாள். “உன் பழைய ரத்தம் ஆத்தோட போச்சு. இனிமே நீ என் வயித்துல பொறந்தவ” என்றாள். ‘மிஞ்சினவள்’ என்று பொருள்படும் ஒரு பெயரையும் வைத்தாள். லோனி ஒரு குளிர்காலம் முழுக்க அவளை வெறுத்தாள். அந்த அம்மா தன் பங்குக் கரடிக்கொழுப்பையும் இவள் கஞ்சியிலேயே போட்டுக்கொண்டிருந்தாள். வெறுப்பு எப்போது போனது என்று லோனிக்கே தெரியாது.

வளர்ந்தாள். ஜெர்மன் மறந்தது. நெட்டையாக, ஒல்லியாக இருந்ததால் ஊரே ‘நாரை’ என்று கூப்பிட்ட ஒரு வேட்டைக்காரனைக் கட்டிக்கொண்டாள். அவனுக்கு வாய் ஜாஸ்தி. “உன் கையால சுட்ட ரொட்டியத் துப்பாக்கியில போட்டுச் சுட்டா மான் விழும்டி” என்பான். ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஓரிடத்தில் இருக்காமல் கைகாலை ஆட்டிக்கொண்டே இருந்ததால் தும்பி என்றார்கள்.

தும்பி நடை பழகிய இலையுதிர்காலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளம் வந்தது. பிடித்துவைத்திருக்கும் வெள்ளைக்காரர்கள் ஒருவர் விடாமல் வந்தாக வேண்டும், அவர்களுக்குப் பிறந்த பிள்ளைகளும் வர வேண்டும், இல்லையென்றால் ஊர்களையும் சோளத்தையும் கொளுத்துவோம் என்றார் தளபதி. குளிர் தொடங்கும் நேரம். சோளம் போனால் ஊர் போனது.

லோனி குழந்தையைத் தூக்கிக்கொண்டு நாணல் காட்டுக்குள் பதுங்கினாள். தேடிக் கண்டுபிடித்தவள் அந்த அம்மாதான்.

“நான் போகமாட்டேம்மா. நீதானே சொன்னே, உன் வயித்துல பொறந்தவன்னு.”

“ஆமா, சொன்னேன். இந்த ஊர்ல இன்னும் எத்தனை வயித்துல பொறந்ததுங்க இருக்கு பாரு. கைய நீட்டு.”

அவளே மகளின் கைகளைத் தோல்வாரால் கட்டினாள். கட்டி முடித்து முடிச்சைப் பல்லால் இறுக்கினாள். பிறகு மண்ணில் விழுந்து கிடந்தாள். சிப்பாய்கள் லோனியைக் கூட்டிப்போகும்வரை எழுந்திருக்கவில்லை.

நாரை பட்டாளத்துக்குப் பின்னாலேயே நடந்தான். வழியெல்லாம் மான் அடித்துக் கொண்டுவந்து மனைவிக்குக் கொடுத்தான். கடைசிக் கோட்டையில் அவனை நிறுத்திவிட்டார்கள். அதற்கு அப்பால் குடியானவர்கள் கண்ணில் பட்டால் சுட்டுவிடுவார்கள் என்றார்கள்.

“பனி உருகட்டும். வர்றேன்” என்றான் அவன். வேறெதுவும் பேசவில்லை. அவன் வாயடைத்து அவள் பார்த்தது அன்றுதான்.

கார்லைல் ஊரில், சந்தையில் மாடு நிறுத்துவதுபோல மீட்கப்பட்டவர்களை நிறுத்தினார்கள். சொந்தக்காரர்கள் வந்து முகம் முகமாகப் பார்த்துக்கொண்டு போனார்கள். தாடி வைத்த ஒருவன் லோனியின் தோள்துணியை விலக்கி, சின்ன வயதில் கொதிகஞ்சி கொட்டிய தழும்பைப் பார்த்தான். “என் தங்கச்சி! என் தங்கச்சி!” என்று அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். அந்த அழுகையில் பொய் இல்லை. அவன் பேசியது மட்டும் அவளுக்குப் புரியவில்லை.

ஃபெல்டன் வீட்டில் அவளைப் பார்க்க ஊர் திரண்டு வந்தது. “பச்சைக்கறி தின்பாளாமே? எங்கே, தின்னச் சொல்லுங்க.” “அந்தக் குட்டிக்கு வால் இருக்கா, பாத்தீங்களா?” அவள் ஓடினாள். பிடித்து வந்தார்கள். மறுபடியும் ஓடினாள். மாட்டுக்கயிற்றால் கட்டில்காலில் கட்டிப்போட்டார்கள். அண்ணனே உட்கார்ந்து அவள் முடியை ஒட்ட வெட்டினான். “உன் நல்லதுக்குத்தான் லோனி” என்று ஒவ்வொரு தடவையும் சொன்னான். குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்து யூடித் என்று பெயர் வைத்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைத் தேவாலயத்துக்குக் கூட்டிப்போய்த் திரும்பியபோது வீட்டில் குழந்தை இல்லை.

“எங்கே?”

“நல்ல இடத்துல இருக்கா. நீ மனுஷியா ஆனதும் பாத்துக்கலாம்” என்றான் ஃபெல்டன்.

அதற்குள் அவளுக்கு ஜெர்மன் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியிருந்தது. ஒருநாள் ஃபெல்டனின் கூட்டாளிகள் ஆப்பிள் சாராயம் குடிக்க வந்தார்கள். தங்கையைக் காட்டிலிருந்து மீட்டுக்கொண்டு வந்தவன் என்று அவனைத் தட்டிக்கொடுத்தார்கள். கயிறு கட்டிய காலோடு அவள் எழுந்து நின்றாள்.

“இவனா? வேலியில மாட்டிக்கிட்டு நான் கத்தறேன், கைய உதறிட்டு ஓடினவன் இவன். என் புருஷன் இத்தனை துப்பாக்கிக்குப் பின்னாலயும் என்கூடவே நடந்து வந்தான்.”

ஒருவன் களுக்கென்று சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பு ஃபெல்டனின் காதை விட்டுப் போகவே இல்லை.

பனி உருகியது. வேலியோர மரத்தில் ஒருநாள் மான்தொடை ஒன்று தொங்கியது. அதைப் பார்த்து லோனியின் முகம் மாறியதை ஃபெல்டனும் பார்த்தான். அன்று அவன் தானே வந்து கயிற்றை அவிழ்த்துவிட்டான்.

“எனக்கும் அலுத்துப்போச்சு லோனி. இப்பதான் சமாதானம் ஆயிடுச்சே. அவனைக் கூப்பிடு. குழந்தைய வரவழைக்கறேன், மூணு பேரும் போய்ச் சேருங்க.”

“சத்தியமா?”

“அப்பா மேல சத்தியம்.”

அவள் நம்பினாள். நம்ப ஆசைப்பட்டாள். உச்சிவேளையில் உழுத வயலின் நடுவே நின்று, மலைச்சரிவைப் பார்த்து லெனாப்பே பேச்சில் கூவினாள். “வா! பயமில்லே! குழந்தையக் கொடுக்கறாங்க!”

நாரை துப்பாக்கியை மரத்தடியில் வைத்துவிட்டு, வெறுங்கையை விரித்துக் காட்டியபடி வந்தான். சிரித்துக்கொண்டே வந்தான். ஏதோ கேலி பேச வாயெடுத்தான். களஞ்சியத்துக்குள் பதுங்கியிருந்தவர்கள் சுட்டார்கள். விழுந்தவன் உழுசாலைக் கையால் பற்றிக்கொண்டு அவளை நோக்கி ஊர்ந்தான். ஃபெல்டன் நிதானமாக நடந்து வந்து, கோடரியால் வேலையை முடித்தான்.

“இப்ப சொல்லுடி, யாரு ஓடினது?”

அதிகாரி ஒருவர் வந்து விசாரித்தார். சாராயம் குடித்தார். போய்விட்டார்.

லோனி அன்றோடு பேச்சை நிறுத்தினாள். அவளை யாரும் கட்டிப்போடவும் இல்லை. அண்ணன் மனைவி ரோசினா நல்லவளும் இல்லை, கெட்டவளும் இல்லை. அந்த மௌனத்தைப் பார்த்துப் பயந்து ஒருநாள் சொல்லிவிட்டாள்: “குழந்தை ஓடைக்குக் கீழே மாவு ஆலைக்காரர் வீட்டுல இருக்கு. நான் சொன்னதாச் சொல்லாதே.”

லோனி நடந்தே போய் ஆலை வீட்டு அடுக்களை வாசலில் நின்றாள். ஆலைக்காரர் மனைவிக்கு யார் என்று தெரிந்துவிட்டது. “வேலை செய், சோறு போடறேன். குழந்தைகிட்ட ஒரு வார்த்தை பேசினா ரெண்டு பேரையும் தெருவுல விட்டுடுவேன்” என்றாள். லோனி தலையாட்டிவிட்டு விளக்குமாற்றை எடுத்தாள்.

யூடித் அந்த வீட்டில் வளர்ந்தாள். சிவப்பிந்தியர்கள் உன் அப்பா அம்மாவைக் கொன்றுவிட்டார்கள் என்று அவளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். ஆலை வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு உண்டு. ஊமை வேலைக்காரிதான் சிவப்பிந்தியச்சி. அவளைக் குப்புறத் தள்ளி, முதுகில் ஏறி உட்கார்ந்து, மரக்கத்தியால் உச்சந்தலைத் தோலை முடியோடு அறுப்பதுபோல் நடிக்க வேண்டும். யூடித்துக்குத்தான் வெறி அதிகம். முடியைக் கொத்தாகப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு கூத்தாடுவாள். லோனி அசையாமல் கிடப்பாள். மகளின் கை தன்மேல் படுவது அப்போது மட்டும்தான்.

யூடித் கொஞ்சம் கறுப்பு. அதனால் கல்யாணம் தள்ளிக்கொண்டே போய், அவளுக்கு வயது ஏறிய பிறகு ஆடம் என்ற வண்டிப்பட்டறைக்காரன் கட்டிக்கொண்டான். மேற்கே மஸ்கிங்கம் பக்கம் நிலம் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இருவரும் மூட்டை கட்டினார்கள். அந்த ஆற்றின் பெயர் லோனியின் காதிலும் விழுந்தது. யூடித் தனியே இருந்தபோது அருகில் போனாள்.

“அங்கே ஆறு வளையற எடத்துல மேடு ஒண்ணு இருக்கு. வீட்ட அங்கே கட்டு. வெள்ளம் ஏறாது.”

யூடித் பின்வாங்கினாள். “நீ... பேசுவியா? உனக்கெப்படி அந்த ஊர் தெரியும்?”

“நீ அங்கேதான் பொறந்தே. நான்தான் பெத்தேன்.” எல்லாவற்றையும் சொன்னாள். வயலில் நடந்ததையும் சொன்னாள்.

யூடித் ஓங்கி அறைந்தாள். பிறகு தன் கைகளையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அந்த நிறத்துக்கு இத்தனை வருஷம் கிடைக்காத காரணம் கிடைத்துவிட்டது.

“ஆடமுக்குத் தெரிஞ்சா என்னை இங்கேயே விட்டுட்டுப் போயிடுவான். நான் முழுகாம இருக்கேன்” என்றாள் மெதுவாக.

“என்னையும் கூட்டிட்டுப் போ. சமைச்சுப் போட்டுட்டு ஒரு மூலையில கிடக்கறேன். வாயே திறக்கமாட்டேன்.”

“அதான் திறந்துட்டியே.”

வண்டி புறப்பட்டபோது லோனி பின்னாலேயே நடந்தாள். கொஞ்ச தூரம் பார்த்துவிட்டு ஆடம், “இந்த ஊமைக்கு என்ன வேணுமாம்?” என்று கேட்டான். “பைத்தியம். விரட்டு” என்றாள் யூடித், திரும்பிப் பார்க்காமல். அவன் சாட்டையைச் சொடுக்கினான். அது லோனியின் கன்னத்தைக் கிழித்தது. அவள் அதோடு நின்றுவிடவில்லை. வண்டி கண்ணுக்கு மறைந்த பிறகும் சக்கரத் தடத்தைப் பார்த்து நடந்தாள்.

சஸ்குவெஹன்னா ஆற்றுத் துறையோடு வழி முடிந்தது. வண்டி முந்தின நாளே அக்கரை போயிருந்தது. படகுக்காரன் இலவசமாக ஏற்றமாட்டேன் என்றான். துறைச் சத்திரத்தில் அடுப்பு வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. ஒரு குளிர்காலம் இருந்துவிட்டுப் போகலாம் என்று சேர்ந்தாள். வயது விடவில்லை. கால் வீங்கியது. மேற்கே போகும் குடும்பங்களுக்குக் சோள ரொட்டி சுட்டுப் போட்டபடியே காலம் போயிற்று.

படுத்த படுக்கையாகக் கிடந்தபோது, “உனக்குன்னு யாராவது இருக்காங்களாம்மா?” என்று படகுக்காரன் மனைவி கேட்டாள்.

“மக இருக்கா. அக்கரையில, ரொம்ப தூரம் உள்ளே.”

“நல்லா இருக்காளா?”

ஒரு சேதியும் அவளுக்கு வந்ததில்லை. “நல்லா இருக்கா” என்றாள் லோனி. “பேரப்பிள்ளைங்க இருக்கு.”