மூன்று வருடத் தவணை

ஒரு ஆள் தோற்றுப்போனான் என்று தீர்ப்புச் சொல்ல எத்தனை வருடம் பொறுக்க வேண்டும் என்று கேட்டால், நான் யோசிக்காமல் மூன்று என்பேன். இரண்டு வருடத்துக்கு முந்திய இலையுதிர்காலம் வரை அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்த இலையுதிர்காலத்தில்தான் என் மகள் மருத்துவப் படிப்பை விட்டாள். விட்டதை எனக்குச் சொல்வதற்காக ஏழு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தாள். நான் ரீவிக்கு முன்னால் இருந்து வேறு ஒருவனுக்குத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்ததால், ஆறு ஞாயிறு ஒன்றும் சொல்லாமலே திரும்பிப் போனாள்.

ரீவியில் போனது அமெரிக்க ஃபுட்போல். நமது உதைபந்தாட்டம் இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையால் எறிந்து, ஆளை ஆள் விழுத்தி விளையாடுவது. எனக்கு இதைப் பழக்கியதே மகள்தான். செஜெப் என்கிற கல்லூரியில் படிக்கிற காலத்தில், இடுப்பில் கொடி கட்டி விளையாடும் பெண்கள் டீமில் அவள் குவாட்டர்பேக். பந்தை முதலில் கையில் வாங்கி, யாருக்கு எறிவது என்று கண்மூடித் திறப்பதற்குள் முடிவெடுக்கிற ஆள்தான் குவாட்டர்பேக். வென்றால் மாலையும் தோற்றால் கல்லெறியும் அந்த ஒருவருக்குத்தான். நாங்கள் இருக்கிற டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் இருந்து, எங்கள் நகரம் இருக்கிற தீவின் மற்றக் கரை மைதானங்கள் வரைக்கும் அவளைக் காரில் ஏற்றி இறக்கி, குளிரில் நின்று பார்த்தே நான் சட்டதிட்டமெல்லாம் படித்தேன். குறைகுடம் தளும்பத்தானே செய்யும்.

அமெரிக்காவில் ஒவ்வொரு வசந்தத்திலும் பல்கலைக்கழகப் பெடியன்களை டீம்கள் வரிசையில் வந்து தெரிவு செய்யும். முதலாவதாகத் தெரிவாகிறவனுக்கு மேடையில் தொப்பி, டீம் சட்டை, கட்டிப்பிடிப்பு எல்லாம் நடக்கும். தாய்தகப்பன் கண்ணீர் விடுவார்கள். ஒரு ஆட்டம்கூட ஆடியிருக்க மாட்டான்.

நான் ரீவிக்கு முன்னால் இருந்து தீர்ப்புச் சொன்ன குவாட்டர்பேக் அப்படி முதலாவதாக எடுக்கப்பட்ட வசந்தத்தில்தான் மகளுக்கும் மருத்துவ பீடத்தில் இடம் கிடைத்தது. எங்கள் ஊர்ச் சங்கம் சும்மா இருக்குமா? ஆண்டு விழாவில் மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். அவள் அப்போது ஒரு வகுப்புக்குக்கூடப் போயிருக்கவில்லை. தமிழ்ப் பத்திரிகையில் அவளுடைய படத்தைப் போட்டு வாழ்த்து விளம்பரம் கொடுத்தது நான். அதை வெட்டிக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சாமிப்படத்துக்குப் பக்கத்தில் மாட்டியதும் நான்தான். அன்றிலிருந்து கோயிலில் காணுகிற சனமெல்லாம் அவளை "டொக்டர் பிள்ளை" என்றே கூப்பிட்டது. எனக்கு அது தேனாக இனித்தது, பொய் சொல்லக்கூடாது.

அந்தக் குவாட்டர்பேக் நினைத்தபடி விளையாடவில்லை. மூன்றாவது சீசன் தொடங்கியபோது நான் பொறுமை இழந்துவிட்டேன்.

"விளையும் பயிர் முளையிலே தெரியும். உவனுக்கு இது மூண்டாம் வருசம். இனி என்னத்தைப் பாக்கிறது?" என்றேன், மனைவி சுட்டுத் தந்த றோல்ஸை வாயில் வைத்துக்கொண்டே.

"மூண்டு வருசத்தில மூண்டு கோச் மாத்திப்போட்டினம் அப்பா," என்றாள் மகள். "முன்னுக்கு நிண்டு மறிக்கிறவை ஒழுங்கா மறிக்கினமில்லை. பந்தை வாங்க முதலே அவரை விழுத்துறாங்கள்."

"கெட்டிக்காரன் எண்டால் அதுக்குள்ளயும் எறிவான்."

"கடைசியா வந்த டீமுக்குத்தானே முதல் ஆளை எடுக்க விடுறவை. நல்ல ஆளைக் கொண்டுபோய் மோசமான இடத்தில விட்டால் அவர் என்ன செய்யிறது? இதே விளையாட்டை இருபதாவதா எடுத்த ஆள் விளையாடியிருந்தால் பரவாயில்லை எண்டு சொல்லியிருப்பியள். முதலாவதா எடுத்தது அவரின்ரை பிழையே?"

நான் சிரித்தேன். அவள் வழக்கு மன்றத்துக்குப் போயிருக்கலாம் என்று பகிடி விட்டேன். அடுத்த ஞாயிறும் அதே வாதம், அதற்கடுத்த ஞாயிறும் அதே. ஒரு விளையாட்டுக்காரனுக்காக இந்தப் பிள்ளைக்கு ஏன் கண் கலங்குகிறது என்று எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை.

ஏழாவது ஞாயிறு ஆட்டத்தின் நடுவிலேயே அவனை வெளியே எடுத்துவிட்டார்கள். மைதான ஓரத்து வாங்கில் தனியே இருந்தான். பக்கத்தில் யாரும் இருக்கவில்லை. கமரா அவனுடைய முகத்தை விட்டு நகரவில்லை.

"முடிஞ்சுது," என்றேன். "உவன் இனி ஒண்டுக்கும் உதவான்."

"நான் எண்டால் அப்பா?" என்றாள் மகள். "எனக்கு எத்தினை வருசம் குடுப்பியள்?"

நான் பதில் சொல்ல வாயெடுக்கும் முன் மனைவி குசினியில் இருந்து வந்துவிட்டாள். "அந்த ரீவியை நிப்பாட்டுங்கோ," என்றாள். அவளுக்கு முதல் கிழமையே தெரிந்திருக்கிறது. தகப்பனுக்கு நீயே சொல்லு என்று காத்திருந்திருக்கிறாள்.

மகள் தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள். செப்டம்பரிலேயே விட்டுவிட்டாளாம். காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போதே நெஞ்சு அடைக்குமாம். இப்போது மெட்ரோவுக்குப் பக்கத்தில் ஒரு கார்டெரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிறாளாம். பிறகு என்ன செய்வது என்று இன்னும் தெரியாதாம். "நீங்கள் மூண்டு வருசம் எண்டு சொல்லுறனீங்கள். நான் ரெண்டு வருசம்தான் தாக்குப்பிடிச்சன் அப்பா."

ஒரு தகப்பன் அந்த இடத்தில் என்னவெல்லாம் சொல்லியிருக்கலாம். என் நாக்கிலே சனி. "சனத்துக்கு நான் என்ன சொல்லுறது?" என்று கேட்டேன். அவள் சட்டத்துக்குள் இருந்த தன் படத்தை ஒருமுறை பார்த்தாள். கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு மூன்று ஞாயிறு அவள் வரவில்லை. மனைவி றோல்ஸும் சுடவில்லை, என்னோடு கதைக்கவும் இல்லை. நான் ரீவியைப் போட்டுவிட்டு, அதைப் பார்க்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலாவது கிழமை நடுவில் சங்கச் செயலாளர் தொலைபேசி எடுத்தார். புரோசார்ட்டில் இருக்கிறவர், நல்ல மனுசன். ஆண்டு விழாவில் சின்னப் பிள்ளைகளுக்கு மகள் கையால் பரிசு கொடுக்க வேண்டுமாம். "நோட்டீசில வருங்கால வைத்தியர் எண்டு போடட்டோ அண்ணை?" என்றார்.

அவளுக்குச் சோதினை நேரம் என்ற பொய் நாக்கின் நுனியில் ஆயத்தமாக நின்றது. அதைச் சொன்னால் ஒரு வருடம் தள்ளலாம். ஆனால் அடுத்த வருடமும் அவள் எனக்காக ஒளித்துத் திரிய வேண்டும். "போடாதேங்கோ," என்றேன். "அவ படிப்பை விட்டிட்டா. கார்டெரியில வேலை செய்யிறா."

"ஐயோ, சரிவரேல்லையோ?" என்றார் அவர். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் அந்தக் குரல் எனக்குப் பழகிய குரல். ஏழு ஞாயிறு என் செற்றியில் இருந்து கேட்ட அதே குரல்.

"அவவில பிழை இல்லை," என்றேன். "முன்னுக்கு நிண்டு மறிக்க வேண்டிய ஆள் நான். நான்தான் ஒழுங்கா மறிக்கேல்லை."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஃபுட்போல் பார்க்காதவர். "சரி அண்ணை, பேந்து கதைப்பம்," என்று வைத்துவிட்டார். குசினியில் நின்ற மனைவிக்கு விளங்கியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை றோல்ஸ் சுடுகிற மணம் வந்தது. மத்தியானம் மகள் வந்தாள். நான் அந்தச் சட்டத்தைக் கழற்றட்டோ என்று கேட்டேன். "இருக்கட்டும் அப்பா, அதில நான் வடிவா இருக்கிறன்," என்றாள்.

அந்தக் குவாட்டர்பேக்கை அவனுடைய டீம் விட்டுவிட்டது. அடுத்த வருடம் வேறொரு டீம் அவனை மாற்று ஆளாக எடுத்தது. ஆட்டத்துக்கு ஆட்டம் தொப்பியோடு ஓரத்தில் நிற்பான். ஒரு ஞாயிறு மகளுக்கு வர முடியவில்லை, நான் தனியே பார்த்துக்கொண்டிருந்தேன். அவனுடைய டீம் பெரிதாக வென்றுகொண்டிருந்தது. கடைசி நிமிடத்தில் அவனை இறக்கினார்கள். வெல்லுகிற டீம் நேரத்தைக் கடத்துவதற்காகக் குவாட்டர்பேக் பந்தை வாங்கி ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றுவார், அவ்வளவுதான் வேலை. எறியவும் வேண்டாம், ஓடவும் வேண்டாம். அவன் பந்தை வாங்கினான். முன்னால் ஐந்து பேர் சுவர்போல நின்றார்கள். ஒருவனும் அவனை நெருங்கவில்லை. முழங்காலை ஊன்றினான். ஆட்டம் முடிந்தது.

நான் உடனே மகளுக்குத் தொலைபேசி எடுத்தேன். "பிள்ளை, உன்ரை ஆளை இறக்கினவங்கள்!"

"பாத்தனான் அப்பா," என்றாள். "சும்மா முழங்காலை ஊண்டினதுதானே."

"ஓம்," என்றேன். "ஆனால் நல்லா ஊண்டினவன்."