கைராசிக்காரன் எடுத்துக் கொடுத்த கிட்டார்

வயிற்றெரிச்சல் எல்லா மனிதருக்கும் வரும். சிலருக்கு வந்த வழியே போய்விடும். வெள்ளத்துரைக்கு அது வந்து பாய் விரித்துப் படுத்துக்கொண்டது.

ஆள் ஒன்றும் கெட்டவன் இல்லை. பரளச்சிப் பக்கத்துச் சம்சாரி வீட்டுப் பிள்ளை. அப்பா மானாவாரியில் கொத்தமல்லி விதைத்துவிட்டு மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், இவன் அருப்புக்கோட்டைக்கு வந்து, யாரோ கழித்துக் கட்டிய கிட்டார் ஒன்றை வாங்கித் தானாகவே தட்டித் தடவிப் பழகினான். ராமசுப்பு மாஸ்டரின் மெல்லிசைக் குழுவில் சேர்ந்தான். பொங்கல் திருவிழா, கல்யாண வரவேற்பு, காதுகுத்து என்று திருச்சுழி தாலுகாவில் அவன் ஏறாத மேடை இல்லை.

அவனுக்கென்று ஒரு வித்தை இருந்தது. தோளில் ஒரு கிட்டார், பக்கத்து ஸ்டாண்டில் ஒரு கிட்டார். தோளில் கிடப்பது மரக் கிட்டார். மெதுவாக ஆரம்பிக்கிற பாட்டுக்கு அது. நடுவில் டிரம்ஸ் உருண்டு பாட்டு சூடு பிடிக்கும்போது, அதைக் கழற்றி வைத்துவிட்டு எலெக்ட்ரிக் கிட்டாரை எடுத்து மாட்டி, தாளம் தப்பாமல் ஒரு இழுப்பு இழுப்பான். விசில் பறக்கும். "ஏலே, மாத்திட்டான்லே!" என்று இளவட்டங்கள் துண்டைச் சுழற்றும். நோட்டீசில்கூட 'இரட்டைக் கிட்டார் வெள்ளத்துரை' என்றுதான் போடுவார்கள். அந்த ஒரு வரிக்காகவே அவன் நோட்டீசை மடித்துப் பையில் வைத்துக்கொள்வான்.

இந்த நேரத்தில்தான் சௌந்தர் வந்து சேர்ந்தான். அருப்புக்கோட்டையில் தறி போட்டிருக்கும் குடும்பம். வீட்டுக்குள் தெலுங்கு, வாசல் தாண்டினால் தமிழ். வெள்ளத்துரைக்குப் பின்னால் நின்று கூடச் சேர்ந்து தட்டத்தான் அவனை வைத்தார்கள். பையன் தட்டிக்கொண்டு மட்டும் நிற்கவில்லை. இடையிடையே சின்னச் சின்னதாக வாசித்தான். அதற்கும் கை தட்டினார்கள்.

வெள்ளத்துரைக்கு முதலில் அவன் வாசிப்பு பிடிக்காமல் போனது. பிறகு அவன் சட்டை பிடிக்காமல் போனது. எந்நேரமும் இஸ்திரி மடிப்புக் கலையாமல் எப்படி ஒருவன் வேனில் வந்து இறங்க முடியும்? சௌந்தரின் மனைவி ஸ்ரீமதி தூக்குவாளியில் கொடுத்துவிடும் புளியோதரையும் பிடிக்காமல் போனது, மற்றவர்களெல்லாம் கேட்டு வாங்கித் தின்றதால். இதற்கெல்லாம் மேலே, ஒருநாள் முன்வரிசையில் உட்கார்ந்து கச்சேரி கேட்ட வெள்ளத்துரையின் பெண்டாட்டி முனீஸ்வரியே வீட்டுக்கு வந்து சொன்னாள்: "அந்தத் தம்பி வாசிக்கிறது காதுக்கு எதமாத்தான் இருக்கு."

"ஏன், நான் வாசிச்சா காது வலிக்கிதாக்கும்?"

"அப்பிடியா சொன்னேன்? எதமா இருக்குன்னேன்."

அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

தை கழிந்ததும் ராமசுப்பு மாஸ்டர் இருவரையும் கூப்பிட்டார். குழுவுக்கு முதலாளியும் அவர்தான், கீபோர்டும் அவர்தான். சுற்றி வளைக்கத் தெரியாத மனிதர்.

"இங்க பாருங்கப்பா. கோயில் கமிட்டிக்காரங்க ஆளக் கொறைங்கிறாக. வேன்லயும் எடமில்ல. இந்தப் பங்குனியில இருந்து கிட்டாருக்கு ஒத்த ஆளுதான். ரெண்டு சத்தமும் ஒரே கிட்டார்ல வர்ற மாதிரி இப்ப வந்துருக்காம்ல? ஒரு குமிழத் திருகுனா மரக் கிட்டாரு, இன்னொரு பக்கம் திருகுனா கரண்டு கிட்டாரு. அந்த மாதிரி ஒண்ண வச்சு யாரு நல்லா வாசிக்கிறாகளோ அவுக இருக்கட்டும்."

வெள்ளத்துரைக்குச் சுருக்கென்றது. வித்தையே மாற்றி மாட்டுவதில்தானே இருக்கிறது. திருகினால் மாறுவதற்கு எவன் விசில் அடிப்பான்?

"மாஸ்டர், அது ரெண்டுங்கெட்டான் சாமான். அதுலயும் சேராது, இதுலயும் சேராது. அதத் தொட்டா எம்பேரு வெள்ளத்துரை இல்ல. எங்கிட்ட இருக்கிற ரெண்டும் போதும், யாரு நிக்கிறான்னு பாத்துருவோம்."

குழுவே கேட்டுக்கொண்டிருந்தது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான். இனி ஆசை வந்தாலும் அவன் அப்படி ஒரு கிட்டாரை வாங்க முடியாது. ஆசை அன்றைக்கே வந்துவிட்டது என்பது வேறு கதை.

மறுவாரம் சௌந்தர் வெற்றிலை பாக்கு பழத்தோடு வீட்டு வாசலில் வந்து நின்றான்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளத்துரைக்குக் கைராசிக்காரன் என்று ஊரில் பெயர். அவன் கயிற்றைப் பிடித்துக் கொடுத்த பசு கிடேரிக் கன்றாகவே போடும்; அவன் கைபட்டு வாங்கிய மோட்டாரில் காயில் கருகவே கருகாது. மாடு பிடிக்கவும் வண்டி எடுக்கவும் ஆட்கள் அவனைக் கூட்டிப் போவார்கள். கைராசிக்காரன் பொருளைத் தேர்ந்து, கிழக்கே பார்த்து நின்று எடுத்துக் கொடுக்க வேண்டும். வாங்குகிறவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ள வேண்டும். எடுத்துக் கொடுத்த பிறகு 'இது வேண்டாம், அதைக் காட்டு' என்றால் அவனைச் செருப்பால் அடித்த மாதிரி. அப்படி யாரும் செய்ததில்லை.

"அண்ணே, அந்தக் கிட்டார் வாங்கலாம்னு இருக்கேன். மதுரைக்கு நீங்க வந்து எடுத்துக் குடுக்கணும்."

"ஏன், உனக்குக் காது இல்லையா?"

"காது இருக்குண்ணே, ராசி இல்லையே. நான் வாங்குன வண்டி கடையில இருந்து நேரா ஒர்க்‌ஷாப்புக்குத்தான் போச்சு."

என் சோற்றில் மண்ணள்ளிப் போட என் கையையே இரவல் கேட்கிறானே, இவனை என்ன செய்யலாம்? முடியாது என்று சொல்ல வெள்ளத்துரை வாயைத் திறந்தான். அதற்குள் முனீஸ்வரி செம்பில் தண்ணீரோடு வந்துவிட்டாள். "தேடி வந்து கேக்குற பிள்ளைய வெறுங்கையா அனுப்பாதீக. போயிட்டு வாங்க."

போனார்கள். பஸ்ஸில் சௌந்தர் ஜன்னலோரத்தை அவனுக்கு விட்டுக்கொடுத்தான். அதுவும் அவனுக்குப் பிடிக்கவில்லை.

கடையில் குமிழ் வைத்த கிட்டார் இரண்டை எடுத்து வைத்தார்கள். ஒன்று தேன் நிறம். வயிறு பருத்து, நடுவில் வட்டமாக ஓட்டை வைத்து, விளிம்பெல்லாம் வெள்ளைக் கோடு போட்டது. தட்டினால் ஏசி அறை முழுக்க இனித்தது. இன்னொன்று மங்கிய காப்பி நிறம். ஓட்டையே கிடையாது, வயிறும் கிடையாது, கனத்த கட்டை. தட்டினால் மொட்டையாகச் சத்தம் வந்தது.

வெள்ளத்துரை முதலில் தேன் நிறத்தை மடியில் வைத்து வாசித்தான். குமிழைத் திருகினான். விரல் நுனியில் இருந்த அதே சுரம், மரத்திலிருந்து கரண்டுக்குத் தாவி நீண்டது. மறுபடி ஒரு தரம் திருகிப் பார்த்தான். இது என் தோளில் கிடக்க வேண்டியது. இத்தனை வருஷம் நாய் மாதிரி மேடை மேடையாக ஏறியவன் நான். நேற்று வந்தவன் இதை மாட்டிக்கொண்டு நிற்பான், நான் பார்த்துக்கொண்டு நிற்பேன்!

பிறகு எழுந்து ஸ்பீக்கர் முன்னால் நின்று சத்தத்தைக் கூட்டினான். தேன் நிறக் கிட்டாரின் வயிற்றுக்குள்ளிருந்து மெல்ல ஒரு முனகல் கிளம்பியது. சட்டென்று கம்பிகளை உள்ளங்கையால் அமுக்கினான். காப்பி நிறத்தை மாட்டிக்கொண்டு அதே இடத்தில் நின்றான். எவ்வளவு கூட்டினாலும் அது முனகவே இல்லை.

மேடை ஏறியவனுக்கு இது போதும். பக்கத்துக்கு ஒன்றாக ஆளுயரப் பாக்ஸ், காலடியில் ஒரு ஸ்பீக்கர், பின்னால் டிரம்ஸ். அந்த இரைச்சலில் ஓட்டை வைத்த கிட்டார் ஊளையிடாமல் இருக்காது. கட்டைக் கிட்டார்தான் நிற்கும். காப்பி நிறம்தான் எடுக்க வேண்டியது.

வெள்ளத்துரை கிழக்கே பார்த்து நின்று, தேன் நிறத்தை எடுத்து நீட்டினான். கை கொஞ்சம் கூசியது, மனசு கூசவில்லை.

சௌந்தர் அவன் முகத்தை ஒரு தரம் பார்த்தான். பிறகு இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

பங்குனியில் முதல் கச்சேரி பரளச்சிக்குப் பக்கத்தில் ஒரு காளியம்மன் பொங்கல். ஒத்த ஆளை முடிவு செய்வதற்காக மாஸ்டர் இரண்டு பேரையும் கூட்டிப் போனார். சௌந்தர் புதுக் கிட்டாரோடு முன்னால் வந்ததும் பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு. பாட்டு மெதுவாக ஆரம்பித்தது. தேன்தான். டிரம்ஸ் உருண்டது. சௌந்தர் குமிழைத் திருகினான்.

ஊஊஊ என்று அது கிளப்பிய சத்தத்தில் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டன. கோயில் பக்கமிருந்து ஒரு பெரியவர் கத்தினார்: "ஏலே, எந்தப் பன்னி கழுத்த நெரிக்கிறீக?" கூட்டம் கொல்லென்று சிரித்தது. சௌந்தர் சத்தத்தைக் குறைத்தான், கேட்கவே இல்லை. கூட்டினான், மறுபடி ஊளை. முகம் சுண்டிப்போய்ப் பின்னால் நகர்ந்தான்.

வெள்ளத்துரை முன்னால் வந்தான். கழற்றினான், மாட்டினான், இழுத்தான். விசில் கிழிந்தது. அன்றைக்கு அவன் தின்ற பொங்கலுக்கு அளவே இல்லை. சந்தோஷம் என்றால் அப்படியொரு சந்தோஷம், பொண்ணு பிறந்தபோதுகூட அவனுக்கு அப்படி இருந்ததில்லை.

"பாவம் அந்தப் பிள்ள" என்றாள் முனீஸ்வரி, வீட்டில்.

"என்ன பாவம்? அவன் ராசி அப்பிடி."

"எடுத்துக் குடுத்தது ஒங்க ராசியில்ல?"

அவன் தலையணையைத் தட்டிப் போட்டுப் படுத்தான்.

அடுத்தது திருச்சுழியில் ஒரு கல்யாண வரவேற்பு. "இன்னையோட முடிவு பண்ணிருவோம்" என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். வெளிச்சம் இருக்கும்போதே மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். சௌந்தர் உறையைப் பிரித்தான். கிட்டாரின் ஓட்டைக்குள் பஞ்சு மாதிரி எதையோ திணித்து, மேலே சேலைக் கரைத் துண்டை இழுத்து ஒட்டியிருந்தான்.

வெள்ளத்துரைக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "என்னலே இது, தலகாணி தச்சிருக்க?"

"கழிவு நூலுண்ணே. தறிக்கு அடியில கெடந்தது. வயித்துக்குள்ள காத்துச் சுத்துறதாலதான கத்துது? அதான் வயித்த ரொப்பிட்டேன். சத்தம் கம்பியில இருந்து ஒயர்ல தான போகுது, ஓட்டை எதுக்குங்கேன்?"

வெள்ளத்துரையின் சிரிப்பு பாதியில் நின்றது. இனி அது கத்தாது என்று உள்ளூர அவனுக்குத் தெரிந்துவிட்டது.

கச்சேரி ஆரம்பித்தது. அதே பாட்டு. சௌந்தர் வேண்டுமென்றே ஸ்பீக்கருக்கு எதிரில் போய் நின்றான். மெதுவாக வாசித்தான். டிரம்ஸ் உருண்டது, சுண்டுவிரலால் குமிழைத் திருகினான். சுரம் அறுபடாமல் நீண்டு மண்டபத்தை நிறைத்தது. ஒரு முனகல்கூட இல்லை. யாரும் விசில் அடிக்கவில்லை. மாறியதே யாருக்கும் தெரியவில்லை. பந்தியிலிருந்து கை கழுவ வந்தவர்கள் ஈரக் கையோடு நின்று கேட்டார்கள்.

அதுதான் வெள்ளத்துரையைக் கொன்றது. இத்தனை காலம் தனக்கு விழுந்த விசிலெல்லாம் மாட்டிக் கழற்றியதற்குத்தான் விழுந்ததோ? நல்லா வாசிச்சுத் தொலைக்கிறானே, படுபாவி! ஒரு இடத்திலாவது தப்பு விடுகிறானா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். விடவில்லை.

மாஸ்டர் கீபோர்டிலிருந்து திரும்பி வெள்ளத்துரையைப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கி, லேசாகத் தலையை ஆட்டினார். அவ்வளவுதான். இருபது ஊர் நோட்டீசும் அந்தத் தலையாட்டலில் போயிற்று.

பெண் வீட்டார் மேடையேறிச் சௌந்தருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவன் அதை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு மைக்கைப் பிடித்தான்.

"எல்லாருக்கும் வணக்கம். இந்தக் கிட்டார மதுரையில தேடிப் பாத்து, தன் கையால எடுத்துக் குடுத்தது எங்கண்ணன் வெள்ளத்துரை. அவுக கைராசிதான் இன்னைக்கு வாசிச்சது. இந்த மரியாதை அவுகளுக்குத்தான் சேரணும்."

மண்டபம் எழும்பிக் கை தட்டியது. கீழே, கல்யாணத்துக்கு வந்திருந்த முனீஸ்வரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சௌந்தர் வந்து பொன்னாடையை அவன் தோளில் போர்த்தினான். வெள்ளத்துரைக்கு உடம்பெல்லாம் எரிந்தது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பான். அடித்திருந்தால்கூடத் தேவலை. பொறுக்க முடியாமல் சௌந்தரின் காதோடு சொல்லிவிட்டான்:

"ஏலே, நான் வேணும்னுதான்லே கூவுறதப் பாத்து எடுத்துக் குடுத்தேன்."

சௌந்தர் பொன்னாடையின் மடிப்பை நீவிவிட்டான். கூட்டத்தைப் பார்த்த சிரிப்பு மாறவில்லை.

"தெரியும்ணே. கடையிலயே தெரியும்."

"தெரிஞ்சுமா வாங்குன?"

"வேண்டாம்னு சொல்லியிருந்தா, 'எங்கைய மதிக்கல, என்னைய அவமானப்படுத்திட்டான்'னு மாஸ்டர்ல இருந்து ஊர் பூராச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருப்பீக. எனக்கும் இந்தக் குழுவுல எடமிருந்திருக்காது. கிட்டாரு கூவுனா அடக்கிறலாம்ணே, ஒங்க வாய எப்பிடி அடக்குறது? கும்பிடு போடுங்க, எல்லாரும் பாக்குறாக."

வெள்ளத்துரை சிரித்துக்கொண்டே கும்பிடு போட்டான்.