எரிந்தால் போதுமா?

ஆம்பூரில் ஷூ கம்பெனி வாசலில் பிரியாணி விற்க, வேனின் பின்னால் இழுத்துப்போகும் டிரெய்லர் வாங்கினோம். பட்டறைக்காரர் அதன் விளக்கு ஒயரின் பிளக்கை வேனில் மாட்டியதும் இண்டிகேட்டர் போட்டேன்.

"எரியுதாண்ணா?"

"எரியுது, கெளம்பும்மா!"

பள்ளிகொண்டாவில் வலப்பக்கம் திரும்பினேன். அந்தப் பக்கமாகவே முந்த வந்த பைக்காரர் மயிரிழையில் தப்பினார்.

"லெஃப்ட் காட்டிட்டு ரைட்ல திரும்புறியே!" என்று கத்தினார்.

இறங்கிப் பார்த்தேன். வேனில் வலது விளக்கு மின்ன, டிரெய்லரில் இடது மின்னியது.

பட்டறையில் போய்க் கேட்டால், "பிளக் கரெக்டா உக்காந்துச்சில்ல, அப்புறம் இன்னா?" என்கிறார்! உள்ளே ஒயர் மாறியிருப்பதை யார் பார்ப்பது? உயிர் போயிருந்தால் பிளக்கா வந்து பதில் சொல்லும்?

இப்போதெல்லாம் என் கணவரை டிரெய்லருக்குப் பின்னால் நிறுத்தாமல் வண்டியை எடுப்பதில்லை. "எரியுதா?" என்று கேட்பதும் இல்லை. "எந்தப் பக்கம் எரியுது?" என்றுதான் கேட்கிறேன்.