இறங்கி வந்து சொல்ல வேண்டும்

மகேஸ் அக்காவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தபோது நான் ரவாங் அலுவலகத்தில் கணினியைத் திறந்துகொண்டிருந்தேன். அந்த வாரம் நாம் எல்லாரும் எதற்காகக் காத்திருந்தோம் என்று உங்களுக்குத் தெரியும். மலைமேல் பூங்காவில் புதிய ரோலர் கோஸ்டரின் தண்டவாள வேலை முடிந்துவிட்டது. இருக்கைகளில் தண்ணீர் நிரப்பிய பொம்மைகளைக் கட்டிச் சோதனை ஓட்டம் விடப்போகிறார்கள் என்று பேச்சு. காலையிலேயே அக்கா கூப்பிடுகிறார் என்றால் வேறு என்னவாக இருக்க முடியும்? எடுத்ததும், "அக்கா, விட்டுட்டாங்களா?" என்றேன். "நான் பாலன் பேசுறேம்மா. அக்கா தூக்கத்திலயே போயிட்டா" என்றார் அவருடைய கணவர். சிரித்தபடி எடுத்த போன் அது. அந்தச் சிரிப்பு என் முகத்தில் அப்படியே நின்றிருக்க வேண்டும். பக்கத்து மேசைக்காரி, என்ன நல்ல செய்தியா என்று கேட்டாள்.

நம் குழுவில் இல்லாதவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் அக்காவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மகேஸ்வரி என்பது முழுப்பெயர். மலேசியாவில் கோலசிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். அதைப் பற்றி யாராவது உருக்கமாகக் கேட்டால், "அங்க என்ன இருந்துச்சு, கொசுதான் இருந்துச்சு" என்று பேச்சை முடித்துவிடுவார். ஈஜோக்கில் வீடு, ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் வேலை. ஐம்பதைத் தாண்டிய, பூசினாற்போன்ற உடம்புள்ள, மூக்குத்தி போட்ட அந்த அம்மாள் ரோலர் கோஸ்டர் பைத்தியம் என்று சொன்னால் முதலில் யாரும் நம்புவதில்லை. நானும் நம்பவில்லை.

நான் அவரை முதலில் பார்த்தது அதே பூங்காவின் பழைய கோஸ்டர் ஒன்றின் வரிசையில். தோழிகள் கடைசி நேரத்தில் கழன்றுகொள்ள, நான் மட்டும் தனியாக நின்றிருந்தேன். வாசலை நெருங்க நெருங்கக் கால் பின்வாங்கியது. பின்னால் நின்றவர், "பயமா?" என்றார். இல்லை என்றேன். "பொய் சொல்லாத. பயம் இல்லாதவ எதுக்கு வரிசையில நிக்கிற, போய்ச் சாப்பிடு" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்திலேயே ஏறிவிட்டேன். முதல் இருக்கைக்குப் போகப் பார்த்தவளைக் கையைப் பிடித்துக் கடைசி வரிசைக்கு இழுத்துப் போனார். "முன்னுக்கு இருக்கறவனுக்குப் பாக்கத்தான் கிடைக்கும். பின்னுக்கு இருக்கறவனத்தான் அது இழுத்துட்டுப் போகும்" என்பது அவருடைய கொள்கை. பிற்பாடு நாங்கள் சேர்ந்து வாட்ஸ்அப் குழு தொடங்கியபோது அதற்குப் 'பின்வரிசை' என்றே பெயர் வைத்தார். அன்று வண்டி கீழே பாய்ந்தபோது நான் பல்லைக் கடித்துக்கொண்டு சத்தமில்லாமல் இருந்தேன். இறங்கியதும் அதற்கும் திட்டு விழுந்தது. "பயம் வந்தா கத்து. வெக்கம் வந்தா இன்னும் சத்தமா கத்து. உள்ள வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போற?"

வெளியே வரும் வழியில் எங்களுக்காக ஒருவர் பைகளோடு நின்றிருந்தார். அவர்தான் பாலன் அண்ணன். அக்கா வேலை செய்த தொழிற்சாலையிலேயே பஸ் ஓட்டுகிறவர். மனைவிக்கு எவ்வளவு வேகம் பிடிக்குமோ அவ்வளவு நிதானம் இவருக்கு. அவர் பஸ்ஸை மோட்டார் சைக்கிளில் போகும் கிழவர்கள்கூட முந்திக்கொண்டு போவார்கள் என்று அக்கா கேலி செய்வார். மனைவியோடு அத்தனை பூங்காவுக்கும் போயிருக்கிறார், ஒன்றில்கூட ஏறியதில்லை. ஏன் அண்ணே என்று கேட்டால் ஒரே பதில்தான். "ஸ்டியரிங் என் கையில இல்லாத வண்டில நான் ஏறமாட்டேம்மா."

புதிய கோஸ்டர் வரப்போகிறது என்ற செய்தி வந்த பிறகு நாம் செய்த கூத்துகளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது, உடனே அழுகையும் வருகிறது. தண்டவாளம் கப்பலில் வரும், துறைமுகத்திலிருந்து லோரியில் ஏற்றி மலைக்குக் கொண்டுபோவார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து அக்கா சாலையில் போகிற நீள லோரி எதையும் விடுவதில்லை. ஒருநாள் வேலை முடிந்து, ஆட்களையெல்லாம் இறக்கிவிட்டு, காலி பஸ்ஸில் இருவரும் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். முன்னால் ஒரு லோரி, அதில் தார்ப்பாய் போர்த்திய வளைந்த இரும்பு. "அதுதான், விடாதீங்க" என்று அக்கா எழுந்து நின்றுவிட்டார். பாலன் அண்ணன் நியாயமாகத்தான் கேட்டிருக்கிறார். "மலை அந்தப் பக்கம் இருக்கு. லோரி இந்தப் பக்கமில்ல போகுது?" அக்கா யோசிக்கவே இல்லையாம். "வழி தெரியாம போறான் போல. நம்மதான் சொல்லணும்."

பத்தாங் பெர்ஜுந்தை வரைக்கும் துரத்தியிருக்கிறார்கள். லோரி ஒரு செம்பனை எண்ணெய் ஆலைக்குள் போய் நின்றது. அக்கா இறங்கிப் போய், இது ரோலர் கோஸ்டருக்கா என்று மலாயில் கேட்க, டிரைவர் பையன் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இல்ல காக், எண்ணெய்க் குழாய்" என்றானாம், அக்காவுக்கு மலாய்ச் சொல்லைப் போட்டு. அவர் அசரவில்லை. அதையும் படம் எடுத்துக் குழுவில் போட்டார். 'நம்ம தண்டவாளத்துக்குத் தூரத்துச் சொந்தம்' என்று கீழே எழுதியிருந்தார். அந்தப் படத்தை நான் இன்னும் அழிக்கவில்லை.

பிறகு அந்தச் செய்தி வந்தது. ரவாங்கில் நாம் வழக்கமாகக் கூடும் கடையில் உட்கார்ந்திருந்தோம். மாடி ஏறும்போது மூச்சு வாங்குகிறது என்று மருத்துவமனைக்குப் போன அக்காவிடம், இதய வால்வு பழுது, இனி இந்த மாதிரி எதிலும் ஏறவே கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அதை அவர் தேநீர் குடித்துக்கொண்டே, கடைக்காரரிடம் இன்னொன்று கேட்கிற குரலில் சொன்னார். கலும்பாங்கிலிருந்து வரும் தினேஷ், நம்மில் சின்னவன், மெதுவாக, "அப்ப புதுசுக்கு, அக்கா?" என்று கேட்டுவிட்டான். எனக்கு அவனை அறையலாம் போலிருந்தது. அக்கா சிரித்தார். "டாக்டரு ஏறக் கூடாதுன்னுதானப்பா சொன்னாரு. காத்திருக்கக் கூடாதுன்னு சொல்லலையே."

சொன்னபடியே காத்திருந்தார். ஏற முடியாத ஒரு வண்டிக்காக அவரளவு ஆசையோடு காத்திருந்தவரை நான் பார்த்ததில்லை. தூண் எழும்பினால் படம், தண்டவாளம் ஒரு வளைவு கூடினால் படம். முதல் நாளன்று போட வேண்டும் என்று நம் எல்லாருக்கும் ஆரஞ்சு நிறச் சட்டை தைக்கக் கொடுத்தார். தனக்கும் ஒன்று. பழைய கோஸ்டரில் நாங்கள் ஏறி இறங்கும்போது பாலன் அண்ணன் பக்கத்தில் அவரும் பைகளோடு நின்றார். அந்தக் காட்சிதான் எனக்குத் தாங்கவில்லை. அவருக்கும் தாங்கவில்லை என்று நினைக்கிறேன், ஒருநாள் கணவரைப் பார்த்து, "பையப் பிடிக்க ரெண்டு ஆளு எதுக்கு? எனக்குப் பதிலா நீங்க ஏறுங்க" என்றார். அவர் ஸ்டியரிங் கதையைத் தொடங்கினார். அக்கா விடவில்லை, வீட்டிலும் பஸ்ஸிலும் அதே பேச்சுத்தான்.

அண்ணன் மசிந்த நாள் நான் கூட இருந்தேன். மலையில் ஒரே மூடுபனி. வேலைத் தடுப்புக்கு வெளியே நின்று வெகுநேரம் வெள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். திடீரென்று பனி விலகியது. முதல் இறக்கம் முழுசாக நின்றது. அன்றுதான் அதைப் பொருத்தி முடித்திருந்தார்கள். எப்போதும் வாய் ஓயாத அக்கா ஒன்றும் பேசவில்லை. படம்கூட எடுக்கவில்லை. கண் நிறைந்து வழிந்தது. நான் தண்டவாளத்தைப் பார்த்தேன், அண்ணன் அக்காவைப் பார்த்தார். "சரி. இது திறக்கட்டும். நான் ஏறுறேன்" என்றார்.

"இறங்கி வந்து எனக்கு ஒண்ணு விடாம சொல்லணும்."

"சொல்றேன்."

"கண்ணத் தொறந்து வெச்சுக்கணும்."

"அது மட்டும் கேக்காத."

அந்த வாக்குத்தான் இப்போது அவரைக் கொன்றுகொண்டிருக்கிறது. ஈஜோக் வீட்டில் சவப்பெட்டியை மூடுவதற்கு முன் அந்த ஆரஞ்சுச் சட்டையை மடித்து அக்காவின் கையருகே வைத்தார். அழவில்லை. என்னைப் பார்த்து, "அவ கேட்டுட்டுப் போயிட்டா. நான் ஏறி வந்து யாருகிட்டம்மா சொல்றது?" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான்.

பதினாறாம் நாள் காரியத்தன்று அந்தப் பேச்சு மறுபடி வந்தது. அதற்குள் திறப்பு நாளை அறிவித்துவிட்டார்கள். ராசா என்ற ஊரிலிருந்து வந்திருந்த பாலன் அண்ணனின் அக்கா, துக்க வீட்டுக்காரன் ஒரு வருஷத்துக்கு மலை ஏறக் கூடாது என்று ஒரே பிடியாக நின்றார். தினேஷுக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஆன்ட்டி, அது கோயில் இருக்கிற மலைக்குத்தான லா. இது தீம் பார்க்." "மலைன்னா மலைதான் தம்பி" என்றார் அவர். எனக்கும் கோபம்தான். செத்துப்போனவளுக்குக் கொடுத்த வாக்கைவிடவா இது பெரிசு என்று கேட்க வாயெடுத்தேன். அவர் என்னைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "சாமி கோச்சுக்கும்னு நான் சொல்லலம்மா. அவன் ராத்திரி கதவத் தொறந்து வெச்சுட்டு உக்காந்திருக்கான். இந்த நிலைமையில அவன அங்க கொண்டு போயி அதுல ஏத்தி உக்கார வெச்சா, அவன் முழுசா இறங்கி வருவானா?"

பாலன் அண்ணன் தமக்கையின் சொல்லுக்குத் தலையாட்டினார். நாங்களும் ஒரு வருஷம் கழித்து அவரோடு சேர்ந்தே ஏறிக்கொள்கிறோம் என்றேன். அதற்குத்தான் அவர் கோபித்துக்கொண்டார். நான் பார்த்த ஒரே கோபம். "மொத நாள் போகணும்னுதான அவ இத்தன நாளு தவம் கெடந்தா? நீங்களும் போகலன்னா அவளுக்கு யாரு சொல்றது? போயிட்டு வா ஷாமினி. நான் கீழ நிக்கிறேன்."

அப்படித்தான் போனோம். அவர் மலையடிவாரத்தில், பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், தம்முடைய வேனில் உட்கார்ந்திருந்தார். ஆரஞ்சுச் சட்டையோடு நாங்கள் மேலே போய் வரிசையில் நின்றோம், கடைசி வரிசை கேட்டு ஏறினோம். தினேஷ் என் பக்கத்தில். நாங்கள் இருவரும் கத்தினோமா அழுதோமா என்று எங்களுக்கே தெரியாது. அந்த வேகத்தில் யாருக்கும் வித்தியாசம் தெரியப்போவதில்லை. வண்டி நின்று வெளியே வந்ததும் என் கண் தானாகவே ஆளைத் தேடியது. எத்தனையோ பேர் பையும் குழந்தையுமாக நின்றார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றவளைத் தினேஷ்தான் தோளைப் பிடித்து நகர்த்திக்கொண்டு போனான். எனக்கு அந்த இடத்தில் அக்கா வேண்டும். வேறு எந்த ஆறுதலும் வேண்டாம்.

கீழே வேனில் ஏறியதும் பேசத் தொடங்கினேன். பாலன் அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார். "இங்க வேணாம்மா. அங்க போய்ச் சொல்லு." அக்காவின் சாம்பலைக் கரைத்தது ஜெராம் கடற்கரையில். தினேஷை வழியில் இறக்கிவிட்டு அவ்வளவு தூரமும் அவருடைய நிதானத்திலேயே ஓட்டினார். போய்ச் சேர்ந்தபோது வெயில் இறங்கியிருந்தது. கடல் வற்றி வெகுதூரம் உள்ளே போயிருந்தது. கண்ணுக்கெட்டிய மட்டும் சேறு, அதற்கப்பால் ஒரு கோடாகத் தண்ணீர். கரையில் மீன் சுட்டுச் சாப்பிட வந்தவர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது. சத்தமாகச் சொன்னால்தான் அவ்வளவு தூரம் கேட்கும் என்று தோன்றியதால் சத்தமாகவே சொன்னேன்.

"அக்கா, கடைசி வரிசதான் கிடைச்சுச்சு. கம்பிய இறக்கிப் பூட்டினாங்க. மெதுவா இழுத்துட்டுப் போச்சு. பாதியில பனி வந்து மூடிருச்சு, முன்னுக்கு இருக்கறவங்க தலகூடத் தெரியல. சங்கிலி சத்தம் மட்டும் கேக்குது. அப்புறம் அந்தச் சத்தமும் நின்னுருச்சு. உச்சிக்கு வந்துட்டோம், அக்கா. கீழ ஒண்ணுமே தெரியல. முன்வரிச கவுந்துருச்சு, நம்ம வரிசய இழுக்க ஆரம்பிச்சுச்சு..."

"போதும்மா" என்றார் பாலன் அண்ணன்.

திரும்பிப் பார்த்தேன். செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்று விளிம்பில் நின்றிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. தண்ணீர் இருந்த பக்கமே பார்த்துக்கொண்டு சொன்னார். "மிச்சத்த நான் ஏறிட்டு வந்து சொல்றேன். அது நான் சொல்ல வேண்டியது."

பின்வரிசை நண்பர்களே, அன்றைய ஓட்டத்தைப் பற்றி நான் ஏன் குழுவில் ஒரு வரியும் எழுதவில்லை என்று பலர் கேட்டீர்கள். உச்சியிலிருந்து கீழே வரும் அந்தப் பாதியை நான் யாரிடமும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். மகேஸ் அக்காவுடையது என்று என்னிடம் இருப்பது அதுதான். வருஷம் திரும்பி, பாலன் அண்ணன் இறங்கி வந்து அந்தக் கரையில் நின்று பேசும்வரை அதை நான் பத்திரமாக வைத்திருப்பேன்.