தானாக நிற்காத வண்டி

ஹாரனை அழுத்தினால் வைப்பர் ஆடும் வண்டியில் வால்பாறை போய்த் திரும்பியது. நான்கு மெக்கானிக்குகள் "வித்துப்போடுங்க" என்று சொன்ன பிறகும் விற்காமல் வைத்திருந்தது. பதினைந்து வருடம் முடிந்த வண்டியை எஃப்.சி.க்குக் கொண்டுபோய், அன்றைக்கு மட்டும் அது புகை விடாமல் அடக்கமாக நிற்க, புதுச் சான்றிதழோடு வீடு வந்தது. இரும்பு விலைக்குக் கேட்டு வந்த பழைய சாமான் வியாபாரியை முன்சீட்டில் உட்காரவைத்து ஒரு ரவுண்டு கூட்டிப் போய், கடைசியில் அவர் தலையிலேயே ஒரு தண்ணீர் மோட்டாரைக் கட்டியது. எல்லோரும் கைவிடச் சொன்ன இடங்களில் டேவிட்சன் வென்றவை இவை. அவருடைய அக்கா சாராளைக் கேட்டால் இன்னும் நாலைந்து சொல்வார். ஆனால் டேவிட்சன் தம்முடைய பெரிய வெற்றியாகச் சொல்லிக்கொள்வது வேறு.

"பதினாறு வருசத்துல நம்ம வண்டி ஒருக்காகூடத் தானா நின்னது இல்லீங்க. நானாத்தான் நிறுத்தியிருக்கறனுங்க."

அவர் நிறுத்துகிற விதத்தைப் பார்க்க வேண்டும். எஞ்சின் முதல் இருமல் இருமும்போதே இடது பக்க இண்டிகேட்டரைப் போட்டுவிடுவார். இரண்டாவது இருமலில் ஒரு வேப்பமர நிழலாகப் பார்த்து ஒதுங்குவார். மூன்றாவதில் எஞ்சின் உயிரை விடும். அதற்குள் டேவிட்சன் இறங்கிச் சோம்பல் முறித்துக்கொண்டிருப்பார். "ஒரு டீ குடிச்சுப்போட்டுப் போலாமுங்களா?" டீக்கடை இல்லாத இடமாக இருந்தால், காற்று நன்றாக வருகிறது என்பார். அவிநாசிக் கோயில் தேருக்கு எதிரே ஒருமுறை நின்றுபோனது. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற மனிதர், வண்டியில் வந்த இரண்டு வியாபாரிகளுக்குத் தேர்ச் சிற்பங்களை ஒவ்வொன்றாகக் காட்டத் தொடங்கிவிட்டார். "அவசரப்படாதீங்க. அந்த யாளியோட பல்லப் பாருங்க, என்ன வேலப்பாடு!" பல் முடிந்து நகத்துக்கு வந்தபோதுதான் மெக்கானிக் ஷேக் பரீத் வந்தார்.

வந்தார் என்றால், தற்செயலாக அந்தப் பக்கம் வந்தார். அப்படித்தான் ஏற்பாடு. உக்கடத்தில் கடை வைத்திருக்கும் பரீத்துக்கு டேவிட்சனிடமிருந்து வரும் அழைப்பில் வண்டி என்ற சொல்லே இருக்காது. "பாய், டீ குடிக்க வாரீங்களா? அவிநாசிங்க." அவ்வளவுதான். பரீத் ஸ்பேனர்களைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்புவார். ஆளைக் கண்டதும் டேவிட்சன் ஆச்சரியப்பட வேண்டும், படுவார்.

"அட, பாய்! எங்க இந்தப் பக்கம்?"

"சும்மா காத்து வாங்கலாம்னு வந்தனுங்கண்ணா."

"வந்ததே வந்தீங்க, பானெட்டத் தொறந்து ஒரு பார்வ பாத்துப்போடுங்க."

ஒரு வெயில் நாளில் மட்டும் பரீத்துக்குப் பொறுமை போய்விட்டது. "அண்ணா, காத்து வாங்க எனக்கு உக்கடம் கொளத்துக்கரையே போதுமுங்க. அதுக்கு அவிநாசி வரைக்கும் வரோணுங்களா?" டேவிட்சன் காதில் விழாதது போல் இரண்டு டீ சொன்னார். ரிப்பேர் என்ற சொல்லையும் அவர் முன்னால் யாரும் எடுக்கக்கூடாது. செக்கப் என்றுதான் சொல்ல வேண்டும். பரீத் கடைச் சீட்டில் வண்டிக்காரர் கையெழுத்துப் போடும் இடம் பதினாறு வருடமாகக் காலி. "செக்கப்புக்கு எதுக்குங்க கையெழுத்து?" என்பார் டேவிட்சன்.

வண்டி ஏழு பேர் உட்காரும் பெரிய வண்டி. வாங்கியபோது வெள்ளை, இப்போது புளித்த தயிரின் நிறம். பின்னால் இருந்த பெயர் எழுத்துகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, நடுவில் ஓர் எழுத்து மட்டும் பிடிவாதமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஏசியின் குளிர் ஓட்டுகிறவரின் இடது முழங்காலுக்கு மட்டும் கிடைக்கும். டீசல் முள் எப்போதும் நிறைந்தே காட்டும். "மனசு நெறஞ்ச வண்டிங்க" என்பார் டேவிட்சன். பின்கதவு உள்ளிருந்து திறக்காது என்பதால் அவரே ஓடிவந்து வெளியிலிருந்து திறந்துவிடுவார். வந்த விருந்தாளிகள் அதை மரியாதை என்று நினைத்து நெகிழ்ந்துபோவார்கள். சிலர் திரும்பிப் போகும்போது அவருடைய குணத்தைப் பற்றித் தனியாகப் பேசுவதும் உண்டு.

இதே வண்டியை வைத்திருப்பவர்களுக்கென்று ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. கம்பெனி இந்த மாடலை எப்போதோ நிறுத்திவிட்டதால் குழுவில் புலம்பல் ஓயாது. ஒருவர் கிளட்ச் போனதைச் சொல்வார்; இன்னொருவர் டர்போவுக்காக ஊர் ஊராக அலைந்ததைச் சொல்வார்; மூன்றாமவர் கண்ணீர் முகங்களை வரிசையாகப் போடுவார். டேவிட்சன் புகைப்படம் மட்டும் போடுவார். அமராவதி அணை பின்னால் தெரிய வண்டி. வாழைத்தோப்பு ஓரம் வண்டி. காற்றாலைக்கு அடியில் வண்டி. கீழே ஒரே வரி: "வண்டி பிரமாதம்." குழுவில் அவருக்கு டூர் டேவிட்சன் என்று பெயர். இப்படி ஊர் சுற்றக் கொடுத்துவைக்க வேண்டும் என்று பெருமூச்சு விடுகிறவர்கள் உண்டு. அந்தப் படங்களில் ஒன்றிலாவது பானெட் சூடு ஆறிக்கொண்டிருந்தது என்பது அவர்களுக்குத் தெரியாது. ஒன்றில் அல்ல, எல்லாவற்றிலும்.

ஏன் இப்படி என்று அக்கா ஒருமுறை கேட்டார். டேவிட்சனுக்குக் கோவை கணபதியில், எரிந்துபோன மோட்டார்களுக்குக் காயில் கட்டும் கடை. வார்னிஷ் வாடையும் செப்புக் கம்பிச் சுருள்களுமாக இருக்கும். பதில் அங்கிருந்து வந்தது. "மோட்டார் கட்டறவனோட வண்டியே ரோட்டுல நின்னுபோச்சுன்னா, இவன் கட்டுன மோட்டார் ஓடும்னு யாருங்கக்கா நம்புவாங்க?" அக்கா தலையாட்டினார். எட்டாவதோடு படிப்பை விட்டு, அவிநாசியில் ஒரு பனியன் கம்பெனியின் செக்கிங் மேசையில் முப்பது வருடம் நின்றவர் அவர். ஒரு தையல் விட்டுப்போனாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. தம்பியின் கதைகளில் விட்டுப்போன தையல்கள் அத்தனையும் அவருக்குத் தெரியும். ஒன்றைக்கூடப் பிரித்துக் காட்டியதில்லை. மற்றவர்கள் சிரித்தால் மட்டும் முறைப்பார்.

டேவிட்சனின் மகள் ஜோவிதாவும் இந்த ஆட்டத்திலேயே வளர்ந்தவள். சின்ன வயதில் பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குப் போய்வந்த பிள்ளைகள் பஸ் எங்கெங்கே போனது என்று எழுதினார்கள். அவள் அப்பாவோடு எங்கெங்கே டீ குடித்தாள் என்று எழுதினாள். கணக்கில் எம்.எஸ்சி., பிறகு பி.எட். முடித்து இரண்டு வருடமாக வேலை தேடிக்கொண்டிருந்தாள். போன மே மாதம் உடுமலைப்பேட்டையில் ஒரு பள்ளியிலிருந்து நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. ஒரே ஓர் இடம். பத்து மணிக்கு அங்கே இருக்க வேண்டும். பிந்தி வருகிறவர்களைச் சேர்க்க மாட்டோம் என்று அழைப்பிலேயே சொல்லிவிட்டார்கள். விடியற்காலை பஸ்ஸில் போய்விடுவதாக ஜோவிதா சொன்னாள். "நம்ம ஊட்டுல வண்டி நிக்கையில பஸ்ஸா கண்ணு?" என்று டேவிட்சன் கேட்டார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் பஸ் பேச்சை விட்டுவிட்டாள். துணைக்கு அக்காவும் ஏறிக்கொண்டார்.

பொள்ளாச்சி வரை வண்டி தங்கமாகப் போனது. கோமங்கலம் தாண்டியதும் முதல் இருமல். அக்கா ஓரக்கண்ணால் பார்த்தார்; இடது இண்டிகேட்டர் எரிந்துகொண்டிருந்தது. தென்னந்தோப்பு ஓரம், இளநீர் வண்டிக்குப் பக்கத்தில் வண்டி அடங்கியது.

"இளநி குடிச்சுப்போட்டுப் போலாமுங்க. இந்தப் பக்கத்து இளநி மாதிரி வராது."

ஜோவிதா சான்றிதழ் ஃபைலைக் கையில் பிடித்தபடியே இறங்கி இளநீர் குடித்தாள். டேவிட்சன் கொஞ்சம் தள்ளிப்போய் பரீத்தை அழைத்து டீ குடிக்கக் கூப்பிட்டார். அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதில் அக்காவுக்கே கேட்டது. "அண்ணா, ஒரு எஞ்சினப் பிரிச்சுப் போட்டு உக்காந்திருக்கறனுங்க. மத்தியானத்துக்கு முன்னாடி டீ குடிக்க முடியாதுங்க." டேவிட்சன் திரும்பி வந்து பானெட்டைத் தட்டிக்கொடுத்தார். சாவியைத் திருகிப் பார்த்தார். வைப்பர் மட்டும் ஆடியது. மணி ஒன்பதரை.

"இன்னொரு இளநி?" என்றார்.

"குடிக்கறனுங்கப்பா. நல்லாத்தான் இருக்குது" என்றாள் ஜோவிதா. அக்கா அவள் கையைப் பார்த்தார். ஃபைலின் ஓரத்தை நகத்தால் கீறிக் கீறி வெள்ளையாக்கியிருந்தாள்.

வேறு என்ன செய்வதென்று தெரியாததால் டேவிட்சன் புகைப்படம் எடுக்கப் போனை உயர்த்தினார். வண்டி, தென்னை, நடுவில் மகள். அந்த நேரத்தில் உடுமலைக்குப் போகும் பஸ் ஒன்று வேகம் குறைத்தது. டிரைவர் தலையை நீட்டி, "என்னம்மணி, வண்டி நின்னுபோச்சா? ஏறிக்கிறீங்களா?" என்று கேட்டார்.

ஜோவிதா அப்பாவை ஒருமுறை பார்த்தாள். பிறகு டிரைவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னாள். "இல்லீங்ணா. நாங்களாத்தான் நிறுத்தியிருக்கறமுங்க. இளநி குடிக்கறக்கு."

பஸ் போய்விட்டது.

டேவிட்சன் போனை இறக்கவில்லை. திரையில் மகள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு கையில் இளநீர், ஒரு கையில் ஃபைல். அது அவருடைய சிரிப்பு. அவிநாசியில் யாளியின் பல்லைக் காட்டியபோது சிரித்த சிரிப்பு. அக்கா தம்பியின் சட்டைத் தோளில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு நூலைப் பிய்த்து எறிந்தார்.

அடுத்த பஸ் தூரத்தில் தெரிந்தது. அது நடுவில் எங்கும் நிற்காத பஸ். டேவிட்சன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுரோட்டுக்குப் போய் இரண்டு கையையும் விரித்து நின்றார். பிரேக் கிறீச்சிட்டது. கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு கத்தினார்.

"ஏனுங்க, சாகறக்கு வேற பஸ் கெடைக்கலீங்களா? இங்கெல்லாம் ஸ்டாப்பு இல்லீங்க!"

"பாப்பாவுக்கு உடுமலையில இன்டர்வியூங்க. பத்து மணிக்குங்க."

"அந்தா, பெரிய வண்டி நிக்குதுல்லங்க? அதுல போறது!"

டேவிட்சன் தம் வண்டியைத் திரும்பிப் பார்த்தார். பஸ்ஸின் ஜன்னல்களில் அத்தனை தலைகள். அவர்களில் எத்தனை பேர் தோட்டத்தில் அவர் கட்டிய மோட்டார் ஓடுகிறதோ.

"நின்னுபோச்சுங்க" என்றார். கண்டக்டருக்குச் சரியாகக் கேட்கவில்லை. டேவிட்சன் குரலை உயர்த்தினார். "வண்டி நின்னுபோச்சுங்க! நான் நிறுத்துலீங்க. தானாத்தான் நின்னுபோச்சு!"

"அதுக்கு ஏனுங்க இத்தன சத்தம்? ஏறச் சொல்லுங்க" என்றார் கண்டக்டர்.

ஜோவிதா இளநீரை அத்தையிடம் கொடுத்துவிட்டு ஓடிப்போய் ஏறினாள். பஸ் நகரும்போது படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அப்பா, நீங்க டீ குடிச்சுப்போட்டு மெதுவா வாங்க!"

தோப்பு ஓரத்தில் அக்காவும் தம்பியும் மட்டும் நின்றார்கள். பஸ் மறையும் வரை பார்த்துவிட்டு டேவிட்சன் கேட்டார். "அக்கா, உங்களுக்கு முன்னயே தெரியுமுங்களா?"

"என்னத்த?" என்றார் அக்கா, மிகவும் அப்பாவியாக.

டேவிட்சன் வண்டிக்குள் போய் முன்கண்ணாடியின் மூலையில் ஒட்டியிருந்த பைபிள் வசன ஸ்டிக்கரை மெதுவாக உரித்தார். அதற்கு அடியில், நின்றுபோன வண்டியை ஏற்றிப்போகும் ரெக்கவரி வண்டிக்கு இன்சூரன்ஸ்காரர்கள் கொடுத்த போன் நம்பர் இருந்தது. வருடா வருடம் புது நம்பர் வரும். வருடா வருடம் அதன்மேல் புது வசனம் ஒட்டுவார். இந்தமுறை அந்த நம்பரை அழைத்தார்.

ஜோவிதா போன் செய்தாள். மூச்சிரைத்தது. "பேரக் கூப்பிடறதுக்கு முன்னாடி வந்துட்டனுங்கப்பா. உள்ள போறேன்." வேலை கிடைத்தது என்ற சேதி பிறகு வந்தது. இப்போது அவள் பஸ்ஸில்தான் போய் வருகிறாள். அன்றைக்குத் தோப்பு ஓரத்துக்கு வந்தது ரெக்கவரி வண்டி மட்டுமே. அதை ஓட்டிவந்த அரங்கசாமி இறங்கியதும் ஒரு சீட்டைப் பிரித்துப் பேனாவை எடுத்தார்.

"என்ன கம்ப்ளெயிண்டுங்க?"

பழக்கம் சட்டென்று விடுமா? "கொஞ்சம் ஓய்வா இருக்குதுங்க" என்றார் டேவிட்சன்.

"அப்பிடி ஒரு கட்டம் இந்தச் சீட்டுல இல்லீங்களே. ரோட்டுல நின்னுபோச்சுன்னு போட்டுக்கறனுங்க."

வண்டி மேலே ஏற்றப்பட்டுச் சங்கிலி மாட்டப்பட்டது. டேவிட்சனுக்குக் கடைசியாக ஓர் ஆசை. "ஏனுங்க, நான் அதுலயே ஸ்டீரிங்கப் புடிச்சு உக்காந்துக்கறனுங்களே? கீழ இருந்து பாக்கறவிங்களுக்கு ஓட்டிக்கிட்டுப் போற மாதிரி இருக்குமுங்க."

"விழுந்துபோட்டீங்கன்னா என்ற வேல போயிருமுங்க. முன்னால வந்து உக்காருங்க. அதுக்கு முன்னாடி இங்க ஒரு கையெழுத்து."

டேவிட்சன் அக்காவைப் பார்த்தார். அக்கா கையில் இருந்த இளநீரை உறிஞ்சியபடி தென்னை மரத்து உச்சியைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். டேவிட்சன் பேனாவை வாங்கினார். பானெட் இப்போது எட்டாத உயரத்தில் இருந்ததால் சீட்டைத் தம் உள்ளங்கையிலேயே வைத்து, வண்டிக்காரர் என்ற இடத்தில், எழுத்து எழுத்தாகத் தம் பெயரைக் கையெழுத்திட்டார். ஊதிக் காயவைத்தார். பிறகு, யாரும் கேட்காமலே, கீழே தேதியும் போட்டார்: 12.5.2025.